பெரிய வெள்ளிக்கு ஒரே மைக் செட்

+

கீழப்புதூர்,
உசிலம்பட்டி வழி.
10-4-1980

மதிப்பிற்குரிய மாமா ஆரோக்கியநாதன் அவர்களுக்கு, ஞானமுத்து எழுதிக்கொண்டது.

நான் நலம். அங்கே தங்கள் நலத்தையும், அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

கடிதத்தின் தலையில் எதை எழுதுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எழுதுவதை எழுதினால் நீங்கள் முதல் வரியிலேயே நிறுத்திவிடலாம். உங்கள் வீட்டில் எழுதுவதை எழுதினால் பெண்ணுக்காக வேஷம் போடுகிறான் என்று தோன்றலாம். அதனால் பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு சிலுவைக் குறி மட்டும் போட்டேன். ஆண்டவரின் உருவம் இருந்தால் உங்கள் சிலுவை, இல்லாவிட்டால் எங்கள் சிலுவை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. உருவம் வரைய எனக்குத் தெரியாது. பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் கார்டு நேற்று வந்தது. மூன்று வரி. பெரிய வெள்ளியன்று நடந்தது என்ன என்று எழுதவும். எங்கள் சிலுவைப்பாதையைக் கேலி செய்தவருக்குப் பெண் கொடுப்பதற்கில்லை. கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். தபால்காரர் படித்திருக்கிறார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு கோவில்கள். தங்களுக்குத் தெரியும், மகள் இங்கே கான்வென்ட் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த அன்று வந்து பார்த்தீர்கள். தெருவின் ஒரு முனையில் எங்கள் சி.எஸ்.ஐ. கோவில், மறுமுனையில் உங்கள் கத்தோலிக்கக் கோவில், நடுவில் ஒரு சைக்கிள் கடை, அதன் முன்னால் ஒரு வேப்பமரம். இரண்டு கோவிலுக்கும் இடையே இருநூறு அடிதான். நடந்து கடக்க ஒரு நிமிடம் ஆகும். அறுபது வருடமாக யாரும் நடந்ததில்லை.

மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் ஊருக்கு ஒருவர்தான். விருமாண்டி. கோவில் பொங்கல், காதுகுத்து, எழவு வீடு எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான். எழவு வீடென்றால் கேட்கவே வேண்டாம், ஆள் போய்ச் சேர்ந்த அரை மணியில் கூரைமேல் குழாய் ஏறிவிடும். அவரிடம் இரண்டு ஆம்ப்ளிபயர் உண்டு. இந்த வருடம் பெரிய வெள்ளியும் பக்கத்து ஊர் மாரியம்மன் பங்குனிப் பொங்கலும் ஒரே நாளில் வந்தன. ஒன்று அம்மனுக்குப் போய்விட்டது. மீதி ஒன்று. எங்களுக்குப் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை, ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். உங்களுக்குப் பன்னிரண்டரைக்குப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று ஜெபிக்கும் சிலுவைப்பாதை. வாலிபர் சங்கச் செயலாளர் என்ற முறையில் எங்கள் பக்கத்து மைக் என் பொறுப்பு.

விருமாண்டி யாரையும் கேட்கவில்லை. ஆம்ப்ளிபயரை வேப்பமரத்தடியில் வைத்து, சைக்கிள் கடையிலிருந்து கரண்ட் எடுத்து, இந்தப் பக்கம் ஒரு ஒயர், அந்தப் பக்கம் ஒரு ஒயர் இழுத்து, இரண்டு மைக்கையும் ஒன்றிலேயே சொருகிவிட்டார். இரண்டு கோவில் குழாய்களும் அதிலிருந்துதான் பேசின. இதைத் தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். யாரையும் கேட்கவில்லை.

முதல் அரைமணி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் போதகர் ஐயா மன்னிப்பைப் பற்றிப் பேசினார். உங்கள் குழாயிலும் அவர்தான் பேசினார். எதிர்முனைச் சத்தம் எப்போதும் கேட்கிறதுதானே என்று உங்கள் ஆட்கள் இருந்துவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு உங்கள் பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்தார். எல்லோரும் முழந்தாளிடுங்கள் என்று எங்கள் தலைக்கு மேலே ஒரு குரல் சொன்னது.

நாங்கள் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள் மாமா. ஆனால் பெண்கள் பக்கம் முன்வரிசையில் எங்கள் சபை மூப்பரின் மனைவி இருந்தார். காலையிலிருந்து உபவாசம், கண்ணை மூடியிருந்தார், குரல் சொன்னதும் இறங்கி முழந்தாளிட்டுவிட்டார். மூப்பர் மனைவியே செய்கிறார் என்று அடுத்த வரிசை, அதைப் பார்த்து அதற்கடுத்த வரிசை, பிறகு ஆண்கள் பக்கம், கடைசியில் நான், ஐயா மட்டும் பீடத்தில் நின்றபடி தன் பிரசங்கம் இவ்வளவு வேலை செய்கிறதா என்று ஒரு கணம் நெகிழ்ந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் எழுந்திருங்கள் என்று யாரும் சொல்லாததால் அப்படியே இருந்தோம், குழாய்தான் சொன்னது, எழுந்தோம், மறுபடி முழந்தாளிடச் சொன்னது, இட்டோம், இப்படியே மூன்று ஸ்தலம் முடித்துவிட்டோம். யாரும் சிரிக்கவில்லை. அத்தை அங்கே இருந்திருந்தால் அவர்களுக்கும் முழங்கால் வலித்திருக்கும், அவ்வளவு ஒழுங்காகச் செய்தோம். இதில் கேலி எங்கே?

அதற்குள் ஐயாவுக்குக் கோபம். எதிர்முனையில் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டித் தன்னை அமுக்குகிறார்கள் என்று நினைத்து உரக்கப் பேசினார். சாமியாரும் அதையே நினைத்து இன்னும் உரக்கப் பேசினார். மரத்தடியில் விருமாண்டி, யார் கத்துகிறார்களோ அவர்களை ஆம்ப்ளிபயரில் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கத்தக் கத்தக் குரல் சிறிதானது. களைத்துப்போய் இருவரும் மெல்லப் பேசியபோது இருவர் குரலும் தெளிவாகக் கேட்டன.

அப்போது மணி ஏறக்குறைய ஒன்று. எங்களுக்கு மூன்றாம் வார்த்தை. சிலுவையிலிருந்து தாயைச் சீடனிடம் ஒப்படைக்கும் இடம். உங்களுக்கு நாலாம் ஸ்தலம். வழியில் தாயைச் சந்திக்கும் இடம். யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஐந்து நிமிடம் போல ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார். ஒருவர் மகன் தாயைப் பார்த்ததைச் சொன்னார். மற்றவர் தாய் மகனைப் பார்த்ததைச் சொன்னார். எங்கள் கோவிலில் பலர் அழுதார்கள். எதிர்முனையிலும் அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்தக் குரலுக்கு அழுதார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு பாட்டு. இரண்டு பாட்டு, இரண்டு ராகம், ஒரு குழாய். அதை எழுத முடியாது.

எங்கள் மூப்பர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இந்தப் பக்கமிருந்து நடந்தார். உங்கள் உபதேசியார் அந்தப் பக்கமிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே வந்தார். வேப்பமரத்தடியில் சந்தித்தார்கள். நானும் போயிருந்தேன்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?" என்று மூப்பர் கேட்டார்.

"செத்தது ஒரே ஆளுதானய்யா?" என்றார் விருமாண்டி. "ஒரு எழவுக்கு ரெண்டு செட்டு எதுக்கு?"

"இது எழவு இல்லப்பா. ஆராதனை."

"அப்பறம் ஏன்யா ரெண்டு பக்கமும் அழுகுறீக?"

மூப்பர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மூப்பரைப் பார்த்தார். பதில் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் குனிந்து ஒயரைப் பிடுங்கினார்கள். இரண்டு சபையும் சேர்ந்து ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அதுதான்.

இப்போதைய நிலவரம். விருமாண்டிக்கு இரண்டு கோவிலிலும் இனி வேலை இல்லை. பிப்ரவரியில் நான் வாலிபர் கூட்டத்தில் திருச்சபை ஒரே உடல் என்று இருபது நிமிடம் பேசினேன். அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது எல்லோருக்கும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. பேசினவன் செய்யாமல் வேறு யார் செய்வார் என்கிறார்கள். தங்கள் காதுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். சபையை அடுத்தவர்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் ஓலை வாசிப்பேன் என்கிறார் ஐயா. சிலுவைப்பாதையைக் கேலி செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் கலப்பு மணத்துக்கு ஆயரிடம் அனுமதி கேட்பேன் என்கிறார் சாமியார். இரண்டு கடிதத்திலும் தவறு எதிர்முனையுடையது என்று ஒரு வரி வர வேண்டுமாம். இரண்டையும் எழுதிவிட்டேன். எம்.ஏ. படித்தது இதற்குப் பயன்பட்டது.

எங்கள் சபையே பல சபைகள் சேர்ந்து உண்டானதுதான் மாமா. சேர்ந்து முப்பத்து மூன்று வருடம். இன்னும் வயதானவர்கள் பழைய மிஷன் பெயரைச் சொல்லித்தான் தங்களை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். வேதத்தில் வருவதுபோல, ஒரு உடலில் காலுக்குத் தான் கை இல்லையே என்று வருத்தம் வரலாம். அது வேறு. கை இருப்பதே தெரியாமல் கால் நடப்பதை என்ன சொல்வது. எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் தங்கள் மகள் பாக்கியமேரியைப் பார்த்தேன். தெருவில் பேசியதற்கு மன்னிக்கவும். அவள்தான் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். அந்த ஒயர் விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"அப்படியா." பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு அந்த அஞ்சு நிமிஷம் பிடிச்சிருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

பஸ் வந்துவிட்டது.

ஆகவே மாமா, நடந்தது ஒரு மைக் செட்காரரின் அறியாமை. எனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. இருபதாம் தேதி ஞாயிறு முதல் ஓலையை இரு கோவில்களிலும் வாசிக்கத் தாங்கள் சம்மதம் தெரிவித்து எழுத வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைச் சாமியாரிடம் காட்டலாம். எங்கள் ஐயாவிடம் காட்டினாலும் பாதகமில்லை.

அத்தைக்கு என் வணக்கம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆண்டவர் உங்கள் வீட்டில் எல்லோரையும் நலமாக வைக்கட்டும்.

தங்கள் பதிலுக்காகத் தபால்காரர் முகத்தைப் பார்த்திருக்கும்,
ஞா. ஞானமுத்து

பின்குறிப்பு:

விருமாண்டி கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஒரு செட்டுத்தான் இருக்கு. ரெண்டு மைக்கையும் ஒண்ணுல சொருகட்டா? நீங்க படிச்சவுக, சொல்லுங்க" என்றார். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொருகுங்கள் என்றேன். மரத்தடியில் மூப்பர் கேட்டபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இன்றுவரை சொல்லவில்லை.

கேலிக்காகச் செய்யவில்லை. திருச்சபையின் ஒற்றுமைக்காகச் செய்தேன் என்று சொல்ல ஆசை. அதுவும் இல்லை. கல்யாணமான பிறகும் ஞாயிறு காலை நாங்கள் சைக்கிள் கடைவரை சேர்ந்து நடந்து, அங்கே ஆளுக்கொரு பக்கம் திரும்ப வேண்டும். சாகும்வரை. அவள் கேட்கிறதை நானும் நான் கேட்கிறதை அவளும் ஒரே ஒருநாள் கேட்டால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் அவளிடமும் பொய் சொன்னேன். நாளைக் காலை போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். விருமாண்டி வீட்டுக்கும் போக வேண்டும்.

மேலே உள்ள கடிதத்தைக் காட்டினால் கல்யாணம் நடக்கும். இதைக் காட்டினால் நடக்காது. ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தாங்கள் கிழித்துவிடலாம். வசதியாக இருக்கட்டும் என்று இதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.