பிரஸ்டன் சார் வேற சைட்ல இருக்கார்

பெருமதிப்பிற்குரிய முனைவர் ஹேல் அவர்களுக்கு,

அலபாமாவிலிருந்து பிக்கன்ஸ் கான்கிரீட் உரிமையாளர் வெர்டெல் பிக்கன்ஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் ஆறு ஆட்களும் கலவை வண்டியும் நலம். தாங்களும் தங்கள் கணக்கெடுப்புக் குழுவும் நலமாயிருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறேன். போன ஞாயிறு மட்டும் ஜெபிக்கவில்லை, மன்னிக்கவும்.

காரணம், தங்கள் வரைவு அறிக்கையின் எண்பத்தெட்டாம் பக்கம். நகராட்சி வேலையை எடுத்துச் செய்யத் தயாராக, பெண்களுக்கோ கறுப்பினத்தவருக்கோ சொந்தமான கம்பெனிகள் எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்டியில் எத்தனை என்று தொழில்வாரியாக எண்ணியிருக்கிறீர்கள். கான்கிரீட்டுக்கு நேராகப் பூஜ்யம். நான் பெண், கறுப்பினம், முப்பத்திரண்டு வருஷமா இதே ஊர்ல கான்கிரீட் போடுறேன். என் உடம்பைப் பார்த்தவங்க யாரும் என்னை இல்லாத ஆள்னு சொல்ல மாட்டாங்க ஐயா. ஆனா அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் லாரியிலேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.

தப்பு உங்க மேல இல்லை, பிரஸ்டன் மேல. யார் பிரஸ்டன்னு கேட்பீங்க. தொழில் ஆரம்பிச்ச வருஷம், ஏரிக்கரை வீட்டம்மா ஒருத்தி போன்ல, "அங்க பேசறதுக்கு ஆம்பளை யாரும் இல்லையா?"ன்னா. "ஒரு நிமிஷம் மேடம்"னு சொல்லி, ரிசீவரைக் கையால பொத்தி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சேன். எனக்குக் கட்டைக் குரல், சர்ச் பாடகர் குழுவுல நான் நிக்கிறதே ஆம்பளைங்க வரிசையில. அந்தக் குரலை எடுத்து, வெள்ளைக்காரத் துரை மாதிரி இழுத்து, "பிரஸ்டன் பேசறேன்"ன்னேன். வேலை கிடைச்சுடுச்சு. ஆளுங்களோட போய் இறங்கினா, "பிரஸ்டன் எங்கே?"ன்னா. "வேற சைட்ல இருக்கார் மேடம்." முப்பத்திரண்டு வருஷமா அந்த மனுஷன் வேற சைட்லதான் இருக்கார். கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கேக் வரும், எனக்கு வந்ததில்லை. கேக்கைத் தின்னது நான்தான்ங்கிறது வேற விஷயம்.

இப்படியிருக்க, போன வசந்தத்துல உங்க ஆபீஸ் கெய்ட்லின் பொண்ணு கூப்பிட்டா. நான் முழங்கால் வரைக்கும் ஈரக் கலவையில நிக்கிறேன், வெயில்ல அது இறுகிக்கிட்டு வருது. "உங்க கம்பெனி முதலாளி பெண்ணா, சிறுபான்மையினரா?"ன்னு கேட்டா. யாரோ புது வாடிக்கைக்காரம்மா ஆழம் பார்க்கிறான்னு நினைச்சேன். அந்தக் கேள்விக்கு "இல்லை"ன்னு சொன்னாத்தான் சோறுன்னு என் நாக்கு பழகிப்போச்சு ஐயா. "ச்சே ச்சே, இல்லவே இல்லை மேடம்"னு பிரஸ்டன் சொல்லிட்டார். நீங்களும் எழுதிக்கிட்டீங்க.

அறிக்கை வந்ததும் பதறிப்போய் என் சொந்தக் குரல்ல கூப்பிட்டேன். "மன்னிக்கணும்மா, பதிவுல முதலாளி பிரஸ்டன்னு இருக்கு. மாத்தணும்னா அவர்தான் சொல்லணும்"னா கெய்ட்லின். லைசென்ஸ் நகல் அனுப்பினேன், வரிக் காகிதம் அனுப்பினேன், எங்க பாஸ்டர்கிட்ட கடிதம் வாங்கி அனுப்பினேன். எல்லாம் பரிசீலனையில இருக்காம்.

எங்க சர்ச் தெருவுக்கு நகராட்சி இப்பத்தான் நடைபாதை போடப்போகுது. ஹாட்டி அக்கா சக்கர நாற்காலியை லாரிங்களுக்கு நடுவுல நடுரோட்டுல உருட்டிக்கிட்டுத்தான் ஆராதனைக்கு வர்றாங்க. அந்த நடைபாதையை நான் போடணும் ஐயா, என் கையால. "எண்ணிக்கை பூஜ்யம்னா உங்க மாதிரி ஆளுங்களுக்குப் பங்கு ஒதுக்க முடியாது"ன்னு நகராட்சியில சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை உங்க அறிக்கை இறுதியாகுது. அதுக்குள்ள பூஜ்யத்தை ஒண்ணாக்குங்க. பிரஸ்டன் செத்துட்டார். நேத்து சாயங்காலம் நானே புதைச்சேன், இனி எழுந்து வரமாட்டார், சத்தியம்.

தங்கள் வீட்டு வாசல் தளத்தில் என்றும் விரிசல் விழாதிருக்கட்டும். தங்கள் மனைவி மக்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
வெர்டெல் பிக்கன்ஸ்
(பெண், கறுப்பினம், தயார்)

பி.கு.: உறையை ஒட்டறதுக்குள்ள போன் அடிச்சது. கெய்ட்லின்தான். "சரிபார்க்கக் கூப்பிடறேன், முதலாளி இருக்காரா?"ன்னா. வாயைத் திறந்தேன், பாழாப்போனவர் எழுந்து வந்துட்டார். "பிரஸ்டன் சாரா! ஒரு வாரமா உங்களைத் தேடறேன் சார்!" போனை வெச்சுடலாம்னு பார்த்தேன். ஆனா அவர் நிதானமா, "எழுதிக்கோம்மா. கம்பெனி முழுக்க வெர்டெல் அம்மாவோடது. கறுப்பினப் பெண். இந்தக் கவுண்டியிலேயே அவங்களை மாதிரி கான்கிரீட் போட ஆள் கிடையாது. நான் சும்மா போன் எடுக்கிறவன்"ன்னார். "சரிங்க சார், மாத்திட்டேன்"னா. ஒரு காகிதம் கேட்கலை. ஒரு கேள்வி கேட்கலை. சந்தோஷப்படறதா, போனைக் கலவையில போட்டு மூடறதான்னு தெரியாம நிக்கிறேன். மேலே நான் எழுதினதையெல்லாம் கிழிச்சுடுங்க ஐயா. அவர் சொல்லிட்டார்ல, போதும்.