மெடல் வைத்த முதல் பதிப்பு

புத்தகம் சேகரிப்பவனை நம்பிக் கோழியைக் கொடுத்தனுப்பக் கூடாது. என் அக்காவுக்கு இது தெரியவில்லை.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். கெடாவில், பீடோங்கிற்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான். பால்வெட்டு நின்றுபோனதால் எழுத எதுவும் இல்லாத கிராணி. தோட்டமே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது எனக்கு வேறொரு பசி. துரைமார் தப்பியோடிய பங்களாக்களில் மற்றவர்கள் நாற்காலியும் கொசுவலையும் தேடினார்கள். நான் துரைமார் பிள்ளைகள் விட்டுப்போன படப் புத்தகங்களைத் தேடினேன். அதிலும் பரிசு வாங்கிய புத்தகம், அதிலும் முதல் பதிப்பு. அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம் என்று எங்கள் துரையின் மனைவி ஒருமுறை சொன்னதைக் காதில் வாங்கியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கெடா முழுவதற்கும் நானே நிபுணன் என்று முடிவு செய்துவிட்டேன். (மறுத்துப் பேச ஆளில்லை. மற்ற எல்லாருக்கும் வேறு கவலை இருந்தது.)

அப்போது பீடோங் டவுனில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று அக்கா, வீட்டிலிருந்த ஒரே பெட்டைக்கோழியின் காலைக் கட்டி என் சைக்கிளில் தொங்கவிட்டாள்.

"நேரா பொண்ணு வீட்டுக்குப் போ. பாசார்ல எவன்கூடயும் நின்னு பேசாத லா, தம்பி."

பாசாரில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, சவரிமுத்து அண்ணன் நின்றிருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை விட்டுப்போன சாமான்களைச் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தார். சாக்கின் ஓரத்தில் ஒரே படப் புத்தகம் இரண்டு பிரதி. மணிக்கூண்டில் ஏறிய ஓர் ஆட்டின் கதை. ஒன்றின் அட்டையில் தங்கநிறத்தில் வட்டமாகப் பரிசு மெடல் பதித்திருந்தது. இன்னொன்று மொட்டை அட்டை.

"எதுக்கு அண்ணே ரெண்டு?"

"பெரிய மகளுக்கு மொதல்ல இந்த மொட்ட அட்டய வாங்குனாங்க. சின்னது அழுதுச்சுன்னு அப்புறமா மெடல் போட்டத வரவழைச்சாங்க."

அந்த மனிதர் பதிலைத் தட்டில் வைத்து நீட்டினார். நான் அதை வாங்காமல் அவருக்குப் பாடம் எடுத்தேன். "மெடல் இருக்கிறதுதான் அண்ணே அசல். மொட்டையா இருக்கிறது சும்மா மலிவுப் பதிப்பு."

"அப்படியா தம்பி? சரி, மொட்டைய நான் அடுப்புக்கு வெச்சுக்கறேன்."

கோழி அவர் கைக்குப் போனது. மெடல் ஆடு என் கைக்கு வந்தது. கோழி ஒரு வேளைக் குழம்பு, முதல் பதிப்பு ஏழு தலைமுறைச் சொத்து என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

பாசாரைத் தாண்டினால் ஜப்பான்காரன் காவல். ஆங்கிலப் புத்தகத்தோடு மாட்டினால் வெள்ளைக்காரனின் ஆள் என்று அடிப்பார்கள்; போனவர் திரும்பி வராத சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றினாலும் ஏற்றுவார்கள். ஆகவே புத்தகத்தைச் சட்டைக்குள் செருகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். சிப்பாய் முன்னால் எல்லாரும் இடுப்பு வளையக் குனிய வேண்டும். அப்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. அந்தப் புத்தகம் நெஞ்சிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நீளம். அட்டையோ பலகை மாதிரி. என்னால் கழுத்தை மட்டும்தான் குனிய முடிந்தது.

சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தான். இன்னொரு முறை முயன்றேன். கழுத்துதான் போனது. பளாரென்று ஓர் அறை. இரண்டாவது அறையில் சட்டைப் பொத்தான் தெறித்து ஆடு வெளியே விழுந்தது.

லாரி எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடப் பார்த்துவிட்டேன். அவனோ புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். இரண்டாம் பக்கத்தில் உதடு துடித்தது. நான்காம் பக்கத்தில் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தான். எழுத்தைக் காட்டி என்னைக் காட்டினான். படித்தேன். தலையை ஆட்டி, படத்தைக் காட்டி மறுபடி என்னைக் காட்டினான். நடிக்கச் சொல்கிறான்.

நடித்தேன். நாலு காலில் நடந்தேன். அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுமுனையில் ஏறி, அதை மணிக்கூண்டாகப் பாவித்து, "மே" என்று கத்தினேன். அவன் இன்னும் சத்தமாக என்று கையைத் தூக்கினான். பாசார் முழுக்கக் கேட்கக் கத்தினேன். குனிய வரிசையில் நின்ற சனம் முதலில் தரையைப் பார்த்தது. பிறகு ஒருவர் அடக்க முடியாமல் குலுங்கிச் சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒருவரை உற்றுப் பார்த்தேன். பெண்ணின் அப்பா.

சிப்பாய் தனக்குப் பிடித்த படத்தைக் கிழித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் கொடுத்து அனுப்பினான்.

வீங்கிய கன்னமும் கிழிந்த ஆடுமாக மாமாவின் பின்னால் அவர் வீட்டுக்குள் போனேன். பெண் பார்வதி கான்வென்ட்டில் படித்தவள். போன மானத்தை அறிவால் மீட்டுவிடலாம் என்று, மெடலைக் காட்டி முதல் பதிப்பின் மகிமையை அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"புஸ்தகம் வெளிய வந்த பொறவுதானே பரிசு குடுப்பாங்க?"

"ஆமா."

"அப்ப மொதல்ல அடிச்ச புஸ்தகத்துல மெடல் எப்படி வரும்?"

உள்பக்கத்தைத் திருப்பி விரலால் காட்டினாள். ஆறாம் பதிப்பு.

மறுநாள் விடிந்ததும் சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்தார். "அந்த மொட்டையா? அதுல தீ மூட்டித்தான தம்பி உன் கோழிய வாட்டுனேன். நல்லா எரிஞ்சிச்சு."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தோம். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மாலையில் மாமாவே தோட்டத்துக்கு நடந்து வந்தார்.

"என் பெரிய மவனச் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனதிலேருந்து நான் சிரிச்சதில்ல. வீட்லயும் யாரும் சிரிச்சதில்ல. நேத்து நான் போயி இவரு கத்துனத கத்திக் காட்டுனேன், என் சம்சாரம் சிரிச்சா. பொண்ணக் குடுக்கறேன்."

கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவர் என்னை அறிமுகப்படுத்தினார்: "மாப்பிள்ள கிராணி. இங்கிலீஸ் நல்லா பேசுவாரு. ஆடு மாதிரி அதவிட நல்லா கத்துவாரு."

இன்று என்னிடம் அலமாரி நிறைய முதல் பதிப்புகள் இருக்கின்றன. எல்லாம் மொட்டை அட்டை. ஆனால் எங்கள் குடும்பத்தில் என் பெயர் இன்னமும் ஆட்டு மாப்பிள்ளைதான். கதையும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. போன தீபாவளிக்கு என் மருமகன் சொன்ன வடிவத்தில் நான் காவல் பக்கத்தில் முளைத்திருந்த புல்லைத் தின்றிருக்கிறேன். இதை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். நான் தின்னவில்லை. மென்றேன், அவ்வளவுதான்.