ஓட்டைக் குடமும் உயிரோடிருக்கும் நானும்

அன்பு மைத்துனன் கலைவாணனுக்கு, அரூரிலிருந்து உன் மாமா பச்சியப்பன் எழுதுவது. ஓசூரில் நீயும் குழந்தைகளும் நலமாக இருக்கக் குலதெய்வம் துணை நிற்கட்டும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஊரில் பாதிப் பேர் நான் செத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பதால் கை வரவில்லை. போனில் திட்டினால் ‘சிக்னல் இல்ல மாமா’ என்று வைத்துவிடுவாய். தபாலில் அந்த வசதி கிடையாது.

உன் அக்கா மலர்விழி ரோஜாச் செடிக்குத் தொட்டி வாங்கலாம் என்றாள். மண்ணுக்கெல்லாம் காசா என்று நான் கேட்டது உண்மைதான். அதோடு விட்டிருப்பாள். நடுவில் உன்னை யாரடா கூப்பிட்டது? ‘வூட்டுலயே செஞ்சுக்கலாம்க்கா’ என்று வீடியோ வீடியோவாக அனுப்பியதும் போதாமல், பழைய கிரைண்டர் மோட்டாரில் ஒரு சக்கரம் செய்து பஸ்ஸில் வேறு போட்டுவிட்டாய். அவள் சுவிட்சைப் போட்டதும் களிமண் உருண்டை எகிறிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த உன் அப்பா படத்தில் அப்பியது. பொட்டு இருந்த இடம் இன்னும் தெரியவில்லை. ஏரியிலிருந்து அந்தக் களிமண்ணை மூட்டை மூட்டையாகச் சுமந்தவன் நான். இடுப்பு பிடித்துக்கொண்டது. மெத்தை ஆகாது, வெறுந்தரையில் நீட்டிப் படுங்கள் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நம் வெண்மதியைப் பெண் பார்க்கத் தொப்பூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. எத்தனையோ போட்டோவைத் தள்ளிவிட்ட பெண், இந்தப் பையன் போட்டோவைப் பார்த்துத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். இது தட்டிப்போகக் கூடாதே என்று எனக்கு ஒரே கவலை. உன் அக்காவுக்கோ, தொட்டிகளைச் சுட்டு வாசலில் வரிசையாக வைத்துச் சம்பந்தி வீட்டாரை அசத்த வேண்டும் என்ற கவலை. தெருவிலேயே வரட்டியை அடுக்கி, வைக்கோல் போட்டுக் கொளுத்தினாள். ஒரே புகை. வெந்து வந்த தொட்டி ஒன்றுகூடத் தொட்டி மாதிரி இல்லை, அத்தனையும் குடம் மாதிரி. வேர் மூச்சு விட வேண்டும் என்று நீ அனுப்பிய வீடியோவில் எவனோ சொன்னானாம், ஒவ்வொரு குடத்தின் வயிற்றிலும் மூன்று ஓட்டை. இதில் அவரைக்காய்ப் பந்தல் வேறு. இரண்டு நீள மூங்கில், நடுவில் குறுக்குக் குச்சிகள், மேலே பச்சைத் தென்னை ஓலை. கட்டி முடித்து வாசலிலேயே கிடத்திவிட்டாள்.

கலைவாணா, நீயே சொல். வாசலில் பாடை, ஓட்டைக் குடம், வரட்டி, புகை. உள்ளே தரையில் தெற்கே தலை வைத்து நான். பார்ப்பவன் என்ன நினைப்பான்?

ஆட்டோ ஓட்டும் முருகேஷ்தான் முதலில் மாலையோடு வந்தான். நான் கண்ணை மூடியிருந்தேன். “அண்ணன் நல்ல மனுசன்தான், கொஞ்சம் கஞ்சம்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மாலையை என் நெஞ்சில் வைத்தான். எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விடலாம் என்றால் இடுப்பு விடவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொப்பூர்க் கார் வந்து நின்றது. பையனின் அம்மா இறங்கினார், வாசலைப் பார்த்தார், “அடக் கடவுளே, பொண்ணோட அப்பாவா?” என்று அப்படியே திரும்பி ஏறிக்கொண்டார். வெண்மதி பட்டுப்புடவையோடு காரின் பின்னால் ஓடினாள்.

“எங்கப்பா சாகலீங்க! தூங்குறாருங்க!”

“பாவம், அதிர்ச்சியில பொண்ணுக்கு என்னமோ ஆயிப்போச்சு” என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் மிச்சம். கார் போய்விட்டது. அன்றிலிருந்து என் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. உன் அக்கா என்ன சொல்கிறாள் தெரியுமா? “தொட்டி ஒண்ணுகூட விரிசல் வுடல பாத்தீங்களா!”

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து, உன் சக்கரம், குடங்கள், முடிந்தால் உன் அக்கா, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகவும். இனி உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இல்லை.

இப்படிக்கு,
இன்னும் சாகாத உன் மாமா,
பச்சியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கதவு தட்டினார்கள். துக்கம் விசாரிக்கத் தொப்பூர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தது நான். அந்த அம்மா அலறி, உட்கார்ந்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். “பொணம் எதுக்க வந்தா நல்ல சகுனம்பாங்க. எங்களுக்குப் பொணமே வந்து கதவத் தொறந்துச்சு. இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்?” வெண்மதி மூன்று தோசை சாப்பிட்டாள். கல்யாணம் வைகாசியில். வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு ஒரு துளசித் தொட்டியும் கொடுக்க வேண்டும் என்கிறார் அந்த அம்மா. ஆகவே சக்கரத்தை எடுத்துப் போக வேண்டாம், இன்னொன்று கொண்டு வா. ஓட்டை மட்டும் இனி அடியில்தான். அதை நான் போட்டுக்கொள்கிறேன்.