அக்டோபருக்கு ஒரு போர்வை

கையால் செய்து கொடுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கடையில் கிடைக்கும் எதையும் இவர்கள் கடையில் வாங்கமாட்டார்கள். வாங்கினால் அன்பு குறைந்துவிடும் என்பது இவர்கள் கட்சி. இந்த இனத்தில் ஊறுகாய் போடுகிறவர்கள், வத்தல் பிழிகிறவர்கள், ஒயர் கூடை பின்னுகிறவர்கள் என்று பல பிரிவுகள். அவர்களை மன்னித்துவிடலாம், கொடுப்பதைத் தின்னவோ, தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போகவோ முடியும். மன்னிக்கவே முடியாத பிரிவு ஒன்று இருக்கிறது. கொக்கி ஊசியால் கம்பளிப் போர்வை பின்னுகிறவர்கள். அதிலும் நூற்று இரண்டு டிகிரி வெயிலில், கட்டைவிரல் தடிமனுள்ள கம்பளி நூலை மடியில் குவித்துக்கொண்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, நெற்றியில் வழிகிற வியர்வையை அந்தக் கம்பளியாலேயே துடைத்துக்கொண்டு பின்னுகிறவர்களை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சிவகாசிக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் யோகேஸ்வரி. நான்தான்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். தோளில் எப்போதும் ஒரு பை தொங்கும். கல்யாண வீடு, காதுகுத்து, சூலக்கரை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற வரிசை, எங்கே போனாலும் பை கூடவே வரும். பந்தியில் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் நடுவே அரை வரிசை ஏறியிருக்கும். என்ன பின்னுகிறீர்கள் என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். ஊசியின் நம்பரில் ஆரம்பித்து, நூல் எந்த ஊரிலிருந்து தபாலில் வந்தது, ஒரு வரிசைக்கு எத்தனை கண்ணி, அதில் எந்தக் கண்ணி சண்டி பண்ணுகிறது என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். எப்போது முடியும் என்று கேட்டால், இன்னும் நாலு வரிசைதான் என்போம். அந்த நாலு வரிசை முடிந்ததும், பன்னிரண்டாவது வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனது கண்ணில் படும். விடுவோமா? மொத்தத்தையும் பிரிப்போம். பின்னும்போது இல்லாத நிறைவு பிரிக்கும்போது எங்கள் முகத்தில் தெரியும் என்று சொல்கிறார்கள்.

என் அண்ணன் வெள்ளைத்துரைக்கு நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி இருக்கிறது. ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன், பையோடு. உரசினால் பொறி தட்டும் என்று நைலான் சேலையைக்கூட உள்ளே விடாத இடம் அது. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் மூன்று கிலோ அக்ரிலிக் கம்பளி நூலோடு போய் நின்றேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஊர்க்காவலன் பையை எட்டிப் பார்த்தார்.

"யக்கா, நீங்க உள்ள போகலாம். மூட்டை போகாது" என்றார்.

நான் யோசித்தேன். மூட்டையை அங்கே விட்டுப் போக மனம் வரவில்லை. அண்ணனை கேட்டுக்கு வரச்சொல்லி, லாரிக்குப் பக்கத்தில் நின்று பேசிவிட்டுத் திரும்பினேன். இதைப் பத்துப் பேரிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

போர்வை யாருக்கு என்று சொல்லவில்லையே. என் மகள் ஸ்ரீமதிக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு. கல்யாணமாகிக் கனடாவில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். அவள் வர முடியாத நிலை, எனவே தாய்வீடுதான் விமானம் ஏற வேண்டும். ஜூன் மாதம் போனில் சொன்னாள்: "செப்டம்பர் பிறந்ததும் வந்துரும்மா. எனக்குப் பயமா இருக்கு."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? டிக்கெட் எடுப்பீர்கள். நான் நூல் வாங்கினேன். அவள் சொன்னதில் பயம் என்ற சொல் என் காதில் ஏறவில்லை. அங்கே அக்டோபரில் குளிருமே, பச்சைப் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் ஏறியது.

அக்டோபர் எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் காலண்டர் அச்சடிப்பவர். இலையுதிர் காலம் என்பது எங்கள் ஊரில் வருவதில்லை. இங்கே இருக்கிற சீமைக்கருவேல மரம் எந்த மாதத்திலும் எதையும் விட்டுக்கொடுக்காது. ஆனால் எங்கள் சீனரி காலண்டரில் முப்பது வருஷமாக அக்டோபர் தாளில் இலை உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தத் தாளைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துவந்து, பக்கத்தில் வைத்து, செங்கல் நிறம், கடுகு நிறம், காப்பிப் பொடி நிறம் என்று நூலை ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தேன். வெளிநாட்டுக் குளிரைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் நடத்த முடியாது.

டாக்டர் குறித்துக் கொடுத்த நாளும் தோதாக அமைந்தது. அக்டோபர் இருபது, தீபாவளியன்று. இதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நிம்மதி. ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போடுகிறவர்கள் நாங்கள். தீபாவளிக்குப் போகவேண்டிய லோடு எந்தத் தேதியில் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரர் செப்டம்பர் ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். போர்வை நாற்பது வரிசையில் நின்றது. நூற்றுப் பத்து வேண்டும். டிக்கெட்டை அக்டோபர் ஆறுக்கு மாற்றச் சொன்னேன்.

வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "அங்கன கடையில போர்வையே கிடைக்காதா? அதப் போட்டுட்டுக் கிளம்பு. பிள்ளை தனியா இருக்கு."

அரைகுறையாக ஒரு பொருளை எப்படி அனுப்புவது, மூன்று தாள் இல்லாத காலண்டரை நீங்கள் கடைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். தொழிலைத் தொட்டுக் கேட்டதும் மனுஷர் அடங்கிவிட்டார். ஜெயித்துவிட்டேன். இந்த இனத்தோடு வாதம் பண்ணி ஜெயித்தவர் யாரும் கிடையாது.

ஸ்ரீமதி வாரா வாரம் எப்போது வருவாய் என்று கேட்டாள். நான் வரிசை எண்ணைப் பதிலாகச் சொன்னேன். ஐம்பத்திரண்டு. அறுபத்தேழு. ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஒரு போட்டோ அனுப்பினேன். முதல் போட்டோவுக்கு நான்கு இதயம் வந்தது. அடுத்ததற்கு ஒரு கட்டைவிரல். அப்புறம் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் மட்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி, அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் இருபத்தெட்டு காலையில் மருமகன் ஹரிஷ்குமார் போன் செய்தார். பெண் குழந்தை, இருவரும் நலம் என்றார். அவர் வேலையாக வேறு ஊருக்குப் போயிருந்த சமயம் வலி எடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்தான் காரில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறாள், பிரசவ அறையில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் தீபாவளி ஒருதடவைகூட மூன்று வாரம் முந்தி வந்ததில்லை. பிள்ளை காலண்டரைப் பார்க்கவில்லை.

பிறகு ஸ்ரீமதி போனை வாங்கினாள்.

"எத்தனை வரிசைம்மா ஆச்சு?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். குத்திக்காட்டியிருந்தால் அழுதாவது தப்பித்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். தன் அம்மாவிடம் கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்பதுபோலக் கேட்டாள்.

"எண்பத்தாறு" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் கிளம்பினேன், போர்வை இல்லாமல். அங்கே வீட்டை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருக்க ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் பனியனோடு கதவைத் திறந்தார், குழந்தை மெல்லிய பருத்தித் துணியில் சுகமாகத் தூங்கியது. ஸ்ரீமதி என் பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் தோளில் சாய்ந்து அரைமணி நேரம் அழுதாள். எண்பத்தாறு வரிசையும் சிவகாசியில் கிடக்கிறது. பூனைகூட அதன்மேல் படுப்பதில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குக் கம்பளி நூலும் தெரியாது, கண்ணியும் தெரியாது, உங்களுக்கென்ன? ஒன்றே ஒன்று கேட்கிறேன். எப்போது வருவாய் என்று யாராவது உங்களிடம் கேட்டு, நீங்கள் ஒரு வேலையைப் பதிலாகச் சொன்னதுண்டா? யாரோ ஒருவருடைய முகம் இப்போது மனதில் வந்திருக்குமே. இதைப் படித்து முடித்துவிட்டு அவருக்குப் போன் பண்ணலாம் என்றுதானே இருக்கிறீர்கள்?