தொடாத வண்டி

ஹாரன் அடிக்கவில்லை.

ஹெட்லி கட்டைவிரலால் இன்னொரு முறை அமுக்கினார். எலி தும்மியது போல ஒரு சத்தம் வந்தது. மூன்றாம் முறை அதுவும் வரவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வருடாந்தரச் சோதனை.

ஷெட்டை விட்டு வெளியே வந்து மேவிஸுக்குப் போன் போட்டார். மேவிஸ் அவருடைய மனைவி. அக்காவுக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருந்ததால் பத்து நாளாக அக்கா ஊரான விட்பியில், கடற்கரையில் இருந்தாள்.

"மேவிஸ், ஹாரன் சத்தம் போட மாட்டேங்குது."

"தொடாதே, ஹெட்லி. நான் வெள்ளிக்கிழமை வந்துடறேன். டெஸ்ட் அடுத்த புதன்கிழமைதானே?"

"நாளைக்கு மாத்திட்டேன்."

மறுமுனையில் ஸ்பூன் கோப்பைக்குள் சுற்றுவது கேட்டுக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது.

"ஏன் மாத்தின?"

"வியாழக்கிழமை கிளப்புல என் பேச்சு இருக்கே. பன்னிரண்டாவது பாஸையும் சேர்த்துத் திரையில காட்டலாம்னு. ஒரு மாசம் முன்னாடியே டெஸ்ட் கொடுக்கலாம், தேதி மாறாது. யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"யோசிச்சியா," என்றாள் மேவிஸ்.

"ஆமா."

"சரி. இனிமே யோசிக்காதே. ஹாரன் இல்லேன்னா ஃபெயில் ஆகட்டும். வண்டியைத் தொடாதே. என்ன சொன்னேன்?"

"தொடாதே."

"அதான்."

தொடாதே என்பதை யாரும் ஹெட்லிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் பேச்சின் தலைப்பே அதுதான். ஸ்கிப்டன் ஊர்ப் பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பின் மாத இதழில் அதை விளக்கி ஒன்பது கட்டுரைகள் எழுதியிருக்கிறார். பதினோரு வருடம் முன்பு அவர் வீட்டுக்கு வந்த ஜப்பான் வண்டி அது. அப்போதே ஒருவர் ஓட்டிய பழைய வண்டி. அன்றிலிருந்து ஒரு திருகைக்கூட அவர் திருகியதில்லை. பதினோரு சோதனை, பதினோரு தேர்ச்சி. கவனிக்க வேண்டியவை என்று ஒரு வரிகூட எழுதாத சுத்தமான சான்றிதழ்கள். அதே கிளப்பில் டென்ஸில் என்று ஒருவர் இருக்கிறார். ஞாயிறு முழுக்க வண்டியைப் பிரித்துப் போட்டுத் துடைப்பவர். வருடம் தவறாமல் ஃபெயில் ஆகிறவர்.

வியாழக்கிழமை பேச்சு முடிந்ததும் தலைவர் தேர்தல். போட்டி ஹெட்லிக்கும் டென்ஸிலுக்கும். கிளப்பில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அது தலைவருக்கு. ஆறு வருடமாக ஹெட்லி அதைப் பக்கத்து மர நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பார்ப்பது தொடுவது ஆகாது என்று முடிவு செய்து அவர் மறுபடி ஷெட்டுக்குள் போனார். ஜூன் மாத வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. ஹாரனுக்குப் போகும் ஒயரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒயர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் போனது. ஹெட்லைட்டைக் கழற்றாமல் பார்க்க முடியாது.

ஸ்பேனருக்கு எங்கே போவது என்று தேடினார். பூந்தொட்டிகளுக்குப் பின்னால் சுவரில், சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக, எண்ணெய் போட்டுத் துடைத்த இருபத்திரண்டு ஸ்பேனர் தொங்கின. இந்த வீட்டை முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

ஹெட்லைட் வந்துவிட்டது. உள்ளே பச்சை பூத்த ஒரு ஒயர் முனை இருந்தது. அதை இழுத்தார். கூடவே இன்னும் நாலு ஒயர் வந்தன. ஐந்தையும் எங்கெங்கே இடம் இருந்ததோ அங்கங்கே செருகினார். ஹாரனை அமுக்கினார். இடது பக்க இண்டிகேட்டர் கண் சிமிட்டியது. இண்டிகேட்டரைப் போட்டார். ஹாரன் அலறியது.

"வந்துடுச்சே," என்றார் ஹெட்லி தனக்குத்தானே. "சத்தம் வரணும், அவ்வளவுதானே."

ஹெட்லைட்டைத் திருப்பி மாட்டும்போது ஒரு போல்ட் உருண்டு தரைப்பலகை இடுக்கில் விழுந்தது. நம்பர் பிளேட்டுக்கு ரெண்டு போல்ட் இருந்தன. ஒரு தகரத்துக்கு ரெண்டு எதற்கு என்று ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டினார். நம்பர் பிளேட் ஒரு பக்கம் தொங்கியது. மேவிஸ் தக்காளிச் செடி கட்டும் சணலால் அதைக் கட்டினார்.

அப்போதுதான் செயின் கொஞ்சம் தொய்ந்திருப்பது கண்ணில் பட்டது. தொய்வு என்றாலே குறைதான் என்று துணி காயப்போடும் கொடி மாதிரி இழுத்து முறுக்கினார். பின் சக்கரம் சற்றே பக்கத்து வீட்டைப் பார்த்துத் திரும்பியது. வண்டியை உருட்டிப் பார்த்தார். பிரேக் கீச்சென்றது. கீச்சென்றால் எண்ணெய் விட வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் டப்பாவை எடுத்து பிரேக் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் தாராளமாகத் தெளித்தார்.

கீச்சு நின்றது.

மறுநாள் காலை வண்டி நிற்கவில்லை. சோதனைக்கூடத்தைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டு வேலியில் போய் நின்றது. சுபைர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வண்டி சோதிக்கிறவர். அதிகம் பேச மாட்டார்.

"இன்னிக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டீங்களே, சார்."

"பேச்சு இருக்கு, சுபைர். பன்னிரண்டாவது பாஸ்."

சுபைர் வேலியில் சிக்கியிருந்த முன் சக்கரத்தைப் பார்த்தார். "உள்ள கொண்டுவாங்க. ஏறாதீங்க. தள்ளிக்கிட்டு வாங்க."

சோதனை நடக்கும்போது ஹெட்லி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஹாரன்?" என்றார் சுபைர். இண்டிகேட்டர் சிமிட்டியது.

"இடது பக்கம் திரும்பறதாப் போடுங்க, வரும்," என்று ஹெட்லி உள்ளே பார்த்துக் கத்தினார்.

சுபைர் போட்டார். வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு ஏதோ எழுதினார். ஹெட்லைட்டைப் போட்டார். வெளிச்சம் எதிர்ச்சுவரை விட்டுவிட்டுக் கூரையில் இருந்த புறாவின் மேல் விழுந்தது. புறா இடம் மாறி உட்கார்ந்தது. அதையும் எழுதினார்.

"சார், இந்த பிரேக் லீவர், கிளட்ச் லீவர் ரெண்டும் சின்னக் கைக்கு அளவா வச்சிருக்கே. உங்க கைக்கு இடிக்கலையா?"

"கம்பெனி வச்ச இடம் அது. நான் எதையும் தொடறதில்லை."

"இது?" சுபைர் சணலை விரலால் தூக்கிக் காட்டினார்.

"அது நேத்து."

ஃபெயில் தாளில் ஏழு வரி இருந்தது. பிரேக்குக்கு நேரே 'ஆபத்து' என்று இருந்தது.

"இதை ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாது, சார். சட்டம்."

"ஒன்றரை மைல், சுபைர்."

"தள்ளலாம். அதுக்குச் சட்டம் இல்ல."

கால்வாய்ப் பாதையில் முக்கால் மைல் தள்ளுவதற்குள் டென்ஸில் எதிரே வந்துவிட்டார். கையில் போன்.

"ஏழு!" என்றார் டென்ஸில்.

"என்ன ஏழு?"

"அட, நெட்ல வண்டி நம்பரைத் தட்டினா ஊருக்கே தெரியுதேப்பா. எட்டு அம்பதுக்கு ஏத்தியிருக்காங்க. நான் இருபத்தேழு வருஷமா ஃபெயில் ஆகறேன், என் சாதனையே அஞ்சுதான். நீ ஒரே நாள்ல ஏழு!"

"காலங்காத்தால இதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தியா?"

"நாளைக்குத் தேர்தல் ஆச்சே. சரி, அந்த நாற்காலிக்குத் திண்டு ஒண்ணு தைக்கச் சொல்லியிருக்கேன். உனக்கு என்ன கலர் பிடிக்கும்? நீதான் எதிர்ல உட்கார்ந்து பார்க்கப்போற."

ஹெட்லி வண்டியைத் தள்ளினார். பின் சக்கரம் கால்வாய்ப் பக்கமாகவே போகப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"ஏழாமே," என்றாள் மேவிஸ்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு அம்பதுக்கு ஏத்தியிருக்காங்களே. ஹெட்லி, டிஸ்க்குல என்னத்தைத் தெளிச்ச?"

"கதவு எண்ணெய். டிஸ்க்குனு ஒண்ணு இருக்கிறது உனக்கு எப்படி..."

"பிரேக் பேடும் போச்சா! ரெண்டு பக்கமுமா தெளிச்ச?"

"ரெண்டு பக்கமும்தான் கீச்சுனுது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது போலக் கேட்டது. கடல் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

"அழாதே, மேவிஸ். தலைவர் பதவி போனா போகுது."

"எந்தப் பதவி?" என்றாள் மேவிஸ். பிறகு, "ஷெட்டைப் பூட்டு. சாவியைப் பக்கத்து வீட்டுல கொடு. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவிழ்க்காதே," என்று வைத்துவிட்டாள்.

தன் கௌரவத்தை நினைத்து இவ்வளவு வருத்தப்படும் மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று ஹெட்லிக்குத் தோன்றியது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பூ அலங்கார வகுப்புக்குப் போகிறவள். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அவருக்காக அழுகிறாள். அதை நினைத்தபடி மறுநாள் நகராட்சி அலுவலகத்தில், வீட்டு வாசலில் கார் நிறுத்தும் அனுமதிச் சீட்டுகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முத்திரையை அப்படியே கீழே வைத்தார்.

வியாழன் மாலை கிரிக்கெட் கிளப்பின் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பின்னால் நீள மேசையில் ஆட்ரி பன்றிக்கறி வைத்துச் சுட்ட 'பை' பண்டமும் மசித்த பட்டாணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து மைல் வடக்கே ஹாஸ் என்ற ஊரில் அந்தப் 'பை' கடை வைத்திருக்கிறவள். மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் அவள் கடையில்தான் நின்று தேநீர் குடிப்பார்கள். கிளப்புக்கு அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சாப்பாடு சொல்லியிருந்தார்கள்.

ஹெட்லி திரையில் வண்டியின் சோதனை வரலாற்றைப் போட்டார். மேலே கொட்டை எழுத்தில் வண்டி நம்பர். கீழே வருடம் வருடமாகப் பச்சையில் பதினோரு தேர்ச்சி. உச்சியில் சிவப்பில் ஒன்று.

டென்ஸில் முன் வரிசையில் கைகொட்டிச் சிரித்தார். "ஏழு! ஏழு!"

"ஏழுதான்," என்றார் ஹெட்லி அமைதியாக. "நண்பர்களே, பதினோரு வருஷம் நான் இந்த வண்டியைத் தொடல. பதினோரு பாஸ். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ரெண்டு மணி நேரம் தொட்டேன். ஏழு குறை. இதைவிட ஒரு நிரூபணம் வேணுமா? பழைய வண்டி கெட்டுப்போறதில்லை, நாமதான் கெடுக்கறோம்! உங்களுக்காகத்தான் நான் அந்த வண்டியைத் தியாகம் பண்ணினேன்!"

யாரோ மேசையைத் தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். டென்ஸிலின் பக்கத்தில் இருந்தவரே தட்டினார்.

பழைய தலைவர் எழுந்தார். "ஹெட்லிக்கு ஓட்டுப் போடறவங்க கையைத் தூக்குங்க."

முப்பது கைக்கு மேல் எழுந்தது. ஹெட்லி நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்," என்றார் டென்ஸில். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். "பாஸுக்குப் பக்கத்துல மீட்டரும் போட்டிருக்கே. முதல் வருஷம் ஒன்பதாயிரம் மைல். இப்ப எழுபத்தஞ்சாயிரம். ஹெட்லி, நீ இந்த வண்டியை எதுக்கு எடுப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்க."

"கடை எவ்வளவு தூரம்?"

"அரை மைல்."

"வருஷத்துக்கு ஆறாயிரம் மைல் ஓடியிருக்குப்பா. பேப்பரை அச்சடிக்கிற இடத்துக்கே போய் வாங்கிட்டு வர்றியா?"

"மீட்டரை நான் பார்க்கறதில்லை," என்றார் ஹெட்லி. "பார்த்தா தொடணும்னு தோணும்."

கைகள் பாதி உயரத்தில் அப்படியே நின்றன. யாருக்கும் இறக்குவதா தூக்குவதா என்று தெரியவில்லை. அப்போது பட்டாணிக் கரண்டியோடு பின்னாலிருந்து நடந்து வந்த ஆட்ரி, திரையில் இருந்த நம்பரைக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.

"அட, இது நம்ம மேவிஸ் வண்டியாச்சே! செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் டாண்ணு பதினொரு மணிக்கு மலை ஏறி என் கடைக்கு வந்துடுவா, ஒரு தடவைகூட வழியில நின்னதில்லை. பாவம், நேத்து போன்ல ஒரே அழுகை, பதினோரு வருஷமா தொடாதே தொடாதேன்னு சொல்லிச் சொல்லிக் காப்பாத்தின வண்டியில வீட்டுல யாரோ கை வச்சுட்டாங்களாம்!"