மாமனாரா, நாயா?

காமயகவுண்டன்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் தங்கப்பாண்டி அவர்களுக்குச் சுருளிராஜன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ஹேமாவதியும் மகள் பவானியும் நலம். தேனியில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் ஹேமாவதி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

விஷயம் நீங்கள் கொண்டுவந்த கோம்பை சம்பந்தம்தான். முதலில் பையன் மட்டும் பார்க்கட்டும் என்று முத்துராமலிங்கம் அண்ணன் மகன் திலீபனை நீங்கள் கூட்டிவந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. பேச்சு முடிவாகாத வீட்டில் கை நனைக்கக் கூடாதென்று மாப்பிள்ளை சாப்பிடவும் மறுத்துவிட்டார். நீங்களோ சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டீர்கள். எத்தனை நேரம்தான் சுவரைப் பார்ப்பது என்று பவானி டிவியில் அந்த விளையாட்டைப் போட்டாள். படம் பார்க்கச் சந்தா கட்டினால் விளையாட்டையும் கொசுறாகக் கொடுக்கிறார்களே, அதில் ஒன்று. போனிலேயே தட்டித் தட்டி ஆட வேண்டியது. ஊருக்குள் வெள்ளம் வருகிறது, ஆடுகிறவர் தன் குடும்பத்தைப் படகில் ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும், நடுநடுவே கதையை நிறுத்திக் கேள்வி கேட்கும். நான், பழுத்து நிற்கிற திராட்சை மழையில் வெடித்துவிடுமே என்று வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு தடவை உள்ளே வந்தால் திரையில் கேள்வி நிற்கிறது: படகில் ஒரே இடம்தான் பாக்கி, மாமனாரா, நாயா? மாப்பிள்ளை கையில் போன். கட்டைவிரல் தட்டுகிறது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு படகில் ஏறுகிறது மச்சான்! மாமனார் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பைக்காரருக்கு நாய்மேல் பிரியம் இருக்கத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இப்படியா? ஒருவேளை விளையாட்டே அப்படித்தானோ என்று மறுநாள் நானே ஆடிப்பார்த்தேன். படத்தை இரண்டாம் தடவை பார்த்தால் கொட்டாவி வருகிறது, இதில் ஒரு பதிலை மாற்றினால் கதையே வேறு பக்கம் ஓடுகிறது, திரும்பத் திரும்ப ஆடச் சொல்கிறது. நான் மாமனாரை ஏற்றினேன். ஏறின மனுஷன் சும்மா வந்தாரா? துடுப்புப் போடுவது சரியில்லை, இந்தப் படகை வாங்கினதே தப்பு என்று கரை சேரும்வரை ஓயவில்லை. கடைசியில் எனக்கே கை நாய்ப் பக்கம் போய்விட்டது. அப்போதுதான் பயம் கூடிப்போனது. "ஏங்க, பழம் பாக்க யாவாரி வந்து நிக்கிறாக, நீங்க இங்கன படகு ஓட்டிக்கிட்டிருக்கீக!" என்று உங்கள் தங்கை வேறு.

வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். அதற்குள் மாப்பிள்ளை என் கண்ணெதிரே இன்னொரு தடவை ஆட வேண்டும். இந்த மாதத்தோடு விளையாட்டை எடுத்துவிடுவதாகவும் திரையில் ஓரமாகப் போட்டிருக்கிறது. ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டி வாருங்கள். மறுபடியும் நாயையே ஏற்றினால் பெண்ணைக் கொடுக்க மாட்டேன். எனக்கு இருப்பது ஒரே மகள். தள்ளாத காலத்தில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றால், உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்வாரா? எனக்கு அதுதான் பயம் மச்சான்.

நம் குலசாமி உங்கள் வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
சுருளிராஜன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது பவானி வந்தாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "எப்பா, அவுக எங்கன ஆடுனாக? மழை, வர நேரமாகும்னு அவுக அம்மாவுக்கு மெசேஜ் போட்டுக்கிட்டிருந்தாக. ஆடுனது நாந்தேன். பாவம், பெரிய மனுசர ஏத்துங்கன்னு அவுக அம்புட்டுக் கெஞ்சுனாக, நாந்தேன் கேக்கல" என்றாள். மச்சான், அவள் ஆடினாள் என்றால் மரத்தில் தொங்குவது முத்துராமலிங்கம் அண்ணன் அல்லவா! அதைக் கண்ணால் பார்த்த பிறகும் சம்மதம் சொன்ன தங்கமான பிள்ளையை விட்டுவிடாதீர்கள். பூ வைப்பதை வியாழக்கிழமையே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். மாப்பிள்ளையிடம் மட்டும், நாயைப் பற்றி அவர் அப்பாவிடம் மூச்சுவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.