ட்ரம்முக்குள் ஆறு பேர்

அந்தமானில் மீன் பிடித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மீனுக்கு உத்தியோகம் போட்டுக் கொடுத்தவர் எங்கள் மீன்சாமி அண்ணாச்சி ஒருவர்தான்.

அறுபதுகளில் நான் மாயாபந்தரில் சர்க்கார் குமாஸ்தா. அவர் மலேரியா ஒழிப்பு ஊழியர், திருநெல்வேலிக்காரர். வீட்டுக்கு வீடு தண்ணீர் ட்ரம்மில் ஆறு மீன் விடுவார். விரல் நீளம்கூட இல்லாத மீன். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு. மேலாக மிதந்தபடியே கொசுப்புழுவைத் தின்றுவிடும். வெள்ளிக்கிழமைதோறும் வந்து ட்ரம்முக்குள் தலையை விட்டு, "சப் ஹாஜிர்?" என்று, எல்லாரும் ஆஜரா என இந்தியில் கேட்பார்.

எனக்கோ ஒரு கொசு கடித்தால் உயில் எழுத உட்கார வேண்டும். மீன்கள் வந்து கொசு குறைந்தது; பயம் குறையவில்லை. மீன் குளித்த தண்ணீரை அல்லவா குடிக்கிறேன், காலரா வந்தால்? முன்ஜாக்கிரதையாக இரண்டு கை பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டேன். விடிந்து பார்த்தால் ஆறு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். அன்று பார்த்து வெள்ளிக்கிழமை.

"மீனுக்குக் காய்ச்சல் போலிருக்கு, அண்ணாச்சி" என்றேன்.

"நீரே மோந்து பாரும் வே. ஆஸ்பத்திரி வாடை அடிக்கி."

திட்டுவார் என்று நடுங்கினேன். ட்ரம்மைக் கழுவி மழைத்தண்ணீர் பிடிக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து என்னையும் ஓடைக்கு இழுத்துப் போனார். வயல் தண்ணீர் வடிந்து, ஓட்டமில்லாமல் புல் நிழலில் தேங்கும் இடம். அதுதான் பொட்டு மீனின் சொந்த ஊர். அண்ணாச்சி சேற்றில் குப்புறப் படுத்து, மூங்கில் வளையத்தில் கட்டிய வெள்ளை வலையைத் தண்ணீருக்குள் இறக்கினார். நான் அட்டைக்குப் பயந்து ஒற்றைக்காலில் நின்றேன்.

"இங்கே முதலை இருக்குமா அண்ணாச்சி?"

"இருக்கும். வெறும் எலும்பைத் திங்காது. ஆடாம நில்லும், உம்மைப் பாத்து மீனு பயப்படுது."

என்னைப் பார்த்தும் ஒரு உயிர் பயந்தது அன்றுதான்.

"வலை எங்கே வாங்கினீங்க?"

"வாங்குறதாவது. மச்சர்தானியில ஒரு துண்டு வெட்டிக்கிட்டேன்."

பழைய கொசுவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே புதிதாக ஆறு பேர் என் ட்ரம்முக்கு வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். கட்டிலின் நான்கு மூலையிலும் கொம்புகள் நின்றன. அவற்றில் கைக்குட்டை அகலத்துக்கு மட்டும் வலை தொங்கியது. மீதியெல்லாம் துண்டு துண்டாக மீன் பிடிக்கப் போயிருந்தது. ஊரெல்லாம் கொசுவை ஒழித்தவர், வலையில்லாமல் படுத்திருக்கிறார்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆறும் இருக்கா வே?"

"இருக்கு அண்ணாச்சி."

"அப்போ சரி" என்று திரும்பிப் படுத்தார்.

வீட்டுக்கு ஓடி என் கொசுவலையை அவிழ்த்து வந்து, அந்த நான்கு கொம்பிலும் கட்டினேன். பத்து நாள் வலையில்லாமல் படுத்தேன். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் தனித்தனியாகப் பயந்தேன். ஆனால் உயில் எழுதவில்லை. அவர் எழுந்து வரும்வரை, வெள்ளிக்கிழமை ட்ரம்முக்குள் தலையை விட்டு "சப் ஹாஜிர்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே.